கண்காட்சித் தளத்தில் கிட் கார் பூட்டுவது: கழற்றும்போதே எழுதும் திட்டம்

பார்வையாளர்கள் முன்னால் இரண்டு நாளில் ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே சேர்த்து மாட்டும் காரை, பூட்டி ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டுமானால், அந்த இடத்தில் எந்தப் பாகமும் முதன்முறையாக மாட்டப்படக் கூடாது. காரை முழுவதுமாகப் பட்டறையில் ஒரு முறை பூட்ட வேண்டும். எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையை எழுதி, அந்தத் தாளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நேரடிச் செய்முறையின் திட்டம் அந்தத் தாள்தான். இடம், மேசை, மைக், தடுப்புக் கயிறு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

கிட் கார் உலகத்துக்கு இந்தத் தலைகீழ் வாசிப்பு புதிதல்ல. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பிரிட்டனில் பெரும்பாலும் பாகங்களாகவே விற்றது. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தந்தால் அந்தச் சலுகை போய்விடும். அதனால் கழற்றும் முறையை எழுதித் தந்தார்கள், வாங்கியவர் அதைப் பின்னாலிருந்து படித்துப் பூட்டினார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. சலுகையும் முடிந்தது. வீட்டு கேரேஜில் கார் பூட்டும் பழக்கம் மட்டும் முடியவில்லை. வார்விக்‌ஷயரின் ஸ்டோன்லி பார்க்கில் மே மாதத் தொடக்கத்தில் வரும் பொது விடுமுறையை ஒட்டி நடந்துவரும் கிட் கார் கண்காட்சிக்கு வருபவர்களில் பலருடைய மனத்தில் ஒரே கேள்விதான்: இதை நான் என் கேரேஜில் செய்ய முடியுமா? நேரடிச் செய்முறை அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்து வந்ததே.

எந்தக் காரைக் காட்டுவது

இரண்டு நாளுக்குப் பொருந்துவது மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையை டோனராக (பாகங்களைத் தரும் பழைய காராக) கொண்ட, குழாய்ச் சட்டம் வெளியே தெரியும் வகை. எக்ஸோசெட் என்ற கிட் அந்த வகையில் பெயர் பெற்றது. 1989 முதல் 1997 வரை வந்த அந்த மாஸ்டாவில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற அலுமினியச் சட்டம் ஒரே தண்டாக இணைக்கிறது. சக்கரங்களைத் தாங்கும் சிறு சட்டங்களான முன் சப்ஃபிரேமும் பின் சப்ஃபிரேமும் அந்தத் தண்டின் இரு முனையில் நிற்கின்றன. பாடியின் போல்ட்களைக் கழற்றித் தூக்கினால், நான்கு சக்கரத்தோடு உருளும் ஒரு முழு இயந்திரத் தொகுதி தரையில் மிஞ்சும். அதன் மேல் புதுச் சட்டத்தை இறக்கிப் பூட்டுவதுதான் கிட்டின் சாரம். துருப் பிடித்துப் பாடி போன கார்கள் பிரிட்டனில் நிறைய. இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

செவன் வகைக் காரையும் காட்டலாம். ஆனால் அதில் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை), பின் அச்சு, எஞ்சின் என்று தனித்தனியாக உள்ளே போக வேண்டும். குனிந்த முதுகுகள்தான் கூட்டத்துக்குத் தெரியும். எக்ஸோசெட் வகையில் சட்டம் மேலிருந்து இறங்குவதை இருபது வரிசைக்குப் பின்னால் நிற்பவரும் பார்க்கலாம்.

டோனர் காரைக் கழற்றும் வேலையைத் தளத்தில் செய்யக் கூடாது. துரு உதிரும், பழைய கூலன்ட் சொட்டும், எந்த போல்ட் எப்போது இறுகி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எம்எக்ஸ்-5-இல் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் விஷ்போன் கேம் போல்ட்கள் புஷ் எனும் ரப்பர் உறையின் இரும்புக் குழாய்க்குள் துருவேறி ஒட்டிக்கொள்வது வழக்கம். சூடு காட்டினால் புஷ் ரப்பர் எரியும், கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இதைக் கண்காட்சிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். புது கேம் போல்ட் எட்டும் புது புஷ் செட்டும் அப்போதே ஆர்டர் போடுவது நல்லது.

முதல் பூட்டல், பட்டறையில்

இந்தப் பூட்டலில் நைலாக் நட் ஒன்றுகூடப் போடக் கூடாது. அதற்குள் இருக்கும் நைலான் வளையம் ஒரு முறை மரையைக் கடித்தபின் பிடிமானம் குறையும். கழற்றி மறுபடி போடுவதென்றால் புதியதுதான் போட வேண்டும். முதல் பூட்டலுக்குச் சாதா நட், கண்காட்சிக்குப் புது நைலாக். இரண்டும் கலக்காமலிருக்க, சாதா நட்களின் முகத்தில் சிவப்புப் பெயின்ட் தடவிவிட வேண்டும். கண்காட்சி முடிவில் காரில் ஒரு சிவப்பு முகம் தெரிந்தாலும் அது தவறான நட். பால் ஜாயின்ட் ஸ்பிளிட் பின், பிரேக் குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் இவற்றுக்கும் இதே விதி.

அலுமினியத் தகடுகளை ரிவிட் அடிக்க வேண்டாம். 4.8 மி.மீ. துளைகளை இப்போதே போட்டு, ஓரத்தின் பிசிறை எடுத்து, கிளீகோ எனும் தற்காலிகப் பின்களால் பிடித்து நிறுத்திப் பார்த்தால் போதும். தளத்தில் கிளீகோவை எடுத்து எடுத்து ரிவிட் அடிப்பது கூட்டத்துக்குப் பிடித்த வேலை. துளை போடுவதும் ஃபைபர் தகடு அறுப்பதும் தளத்தில் கூடவே கூடாது. ஃபைபர் தூள் மூடிய மண்டபத்தில் எல்லோர் மூச்சிலும் போகும்.

பாலியுரிதேன் பசை வேண்டிய இடங்களை அந்த இரண்டு நாளின் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். காயாத தகட்டின் மேல் அடுத்த வேலை ஏறினால் தகடு நகரும், பிசிறிய பசை சீட் மீதும் கையிலும் ஒட்டும். பசை தேவைப்படும் தகடுகளை முன்பே ஒட்டி, "முன்பே ஒட்டியது" என்று காகிதம் கட்டித் தொங்கவிடலாம்.

பூட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை விட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில்தான் எர்த் வயர் விட்டது, கூலன்ட் ஹோஸ் உரசுவது, ஃபேன் எதிர்த் திசையில் சுற்றுவது எல்லாம் வெளியே வரும். எர்த் வயரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பழைய பாடியில் எஞ்சினிலிருந்து உடலுக்குப் போன எர்த் பட்டை, பவுடர் கோட்டிங் பூசிய புதுச் சட்டத்தில் வெறும் பூச்சின் மேல் உட்காரும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். மின்னோட்டம் த்ராட்டில் கேபிள் வழியே திரும்பி அதைச் சூடாக்கும். எர்த் புள்ளிகளில் பூச்சைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

கழற்றுதலும் பைகளும்

இனி முக்கியமான வேலை. இருவர் போதும்: ஒருவர் கழற்றுகிறார், ஒருவர் எழுதுகிறார். எழுதுபவர் ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் ஐந்து விவரம்: பாகம், போல்ட் அளவும் எண்ணிக்கையும், எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எந்தக் கருவி, எத்தனை நிமிடம். நுழையும் திசையை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் பக்கமிருந்து நுழைய வேண்டிய போல்ட்டை வெளியிலிருந்து போட்டால், அடுத்த கட்டத்தில் வரும் ஹோஸ் அதன் வாலில் இடிக்கும். அப்போது அரை மணி வேலை பின்னோக்கிப் போகும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜிப் பை. பையில் அந்தக் கட்டத்துக்கு வேண்டிய போல்ட், வாஷர், புது நைலாக் ஆகியவை சரியான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உதிரிகளைப் பையில் போடாமல் தனிச் சிவப்புப் பெட்டியில் அளவு வாரியாக வைக்க வேண்டும். எம்6, எம்8, எம்10, எம்12 என்று ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதல் போதும். பை காலியானால் கட்டம் முடிந்தது. பையில் ஏதாவது மிஞ்சினால் முடியவில்லை. கூட்டம் கேள்வி மேல் கேள்வி கேட்கும் நேரத்தில் மூளை தடுமாறினாலும் பை தடுமாறாது.

கிட் உற்பத்தியாளர் தந்த இறுக்க அளவுதான் எப்போதும் முதலில். அது இல்லாத இடத்தில் 8.8 தர போல்ட்டுக்கு ஏறக்குறைய எம்8-க்கு 25, எம்10-க்கு 50, எம்12-க்கு 85 நியூட்டன் மீட்டர் என்று பையின் மேலேயே எழுதிவிடலாம். எம்எக்ஸ்-5-இன் சக்கர நட்டுக்கு மாஸ்டா தரும் வரம்பு 89 முதல் 117 வரை.

தளத்தில் என்ன இருக்க வேண்டும்

நிற்கும் கார் சுமார் நான்கு மீட்டர் நீளம். சட்டத்தைத் தூக்கிப் பக்கத்தில் நிறுத்தும் இடமும் சேர்த்து 8 × 6 மீட்டருக்குக் குறைந்தால் நெருக்கும். இதில் தடுப்புக் கயிற்றுக்கும் காருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் விட வேண்டும். கயிற்றை ஒட்டிக் கருவி மேசையைப் போடுவது தவறு. குழந்தைகளின் கை எட்டும். மேசை பின்சுவரை ஒட்டி இருக்கட்டும். கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் நிழல் வடிவமும் வரைந்திருக்க வேண்டும். கட்டம் முடிந்ததும் வெற்று நிழல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒருவர் பொறுப்பு. எஞ்சின் அறைக்குள் மறந்த 13 மி.மீ. ரிங் ஸ்பேனர் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

காற்றழுத்தக் கருவிகளைக் கொண்டு போக வேண்டாம். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தில் பேசுபவர் குரல் எடுபடாது. இம்பாக்ட் கன் அடிக்கும்போது மரை சரியாகப் பிடித்ததா என்று கைக்குத் தெரியாது. கையால் பிடித்து, ராட்செட்டால் இறக்கி, டார்க் ரெஞ்சில் முடித்தால் அந்தக் 'க்ளிக்' ஒலி கூட்டத்துக்கும் கேட்கும். வீட்டு கேரேஜில் அவர்களிடம் இருக்கப்போகும் கருவிகளும் இவைதான்.

நான்கு பேர் வேண்டும். இருவர் ஸ்பேனர் பிடிப்பவர்கள். ஒருவர் மைக்கில் பேசுபவர். ஒருவர் பைகளை எடுத்துக் கொடுத்து, முடிந்ததைக் குறித்து, படம் எடுப்பவர். பேசுபவர் வேலையும் செய்யலாமே என்று ஆளைக் குறைக்கும் எண்ணம் எல்லாத் திட்டத்திலும் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இறுக்கிய போல்ட்தான் இறுக்கப்படாத போல்ட். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வேலைகளை மாற்றிக்கொள்ளலாம். கட்டத்தின் நடுவில் மட்டும் மாற்றக் கூடாது.

மண்டபத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு எழுத்தில் தர வேண்டியவை: ஆபத்து மதிப்பீடு, பொது மக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, எஞ்சின் கிரேனின் பரிசோதனைச் சான்று. பிரிட்டனின் 1998 தூக்குக் கருவி விதிப்படி வேலைக்குப் பயன்படுத்தும் கிரேனைப் பொதுவாக 12 மாதத்துக்கு ஒரு முறையும், அதன் சங்கிலி, பெல்ட் போன்றவற்றை 6 மாதத்துக்கு ஒரு முறையும் தகுதியானவர் சோதிக்க வேண்டும். கேரேஜ் மூலையிலிருந்து எடுத்து வந்த கிரேனுக்கு அந்தத் தாள் இருக்காது. சான்றோடு வாடகைக்கு எடுப்பது எளிது.

பெட்ரோலை மண்டபத்துக்குள் கொண்டு வரவே கூடாது. டேங்க் காலியாக, ஆவி போகக் காய்ந்து வர வேண்டும். ஸ்டார்ட் செய்ய வேண்டிய ஐந்து லிட்டர் வெளியே, பெட்ரோலுக்கென்று செய்த கேனில் இருக்கட்டும். பிரிட்டன் விதியில் பிளாஸ்டிக் கேனின் உச்ச அளவு 10 லிட்டர், உலோகக் கேன் 20. எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் மூன்றையும் பட்டறையிலேயே நிரப்பிவிடலாம். கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம்.

நேரக் கணக்கு

ஒரு நாளுக்கு ஏழு மணி என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 14 மணி. இதில் ஸ்பேனர் வேலைக்கு ஒதுக்க வேண்டியது ஏழு மணிதான். பட்டறையில் ஒரு மணி எடுத்த வேலை கூட்டத்தின் முன் இரண்டு மணி எடுக்கும். கை மெதுவாகிவிடுவதில்லை. கயிற்றருகே நிற்பவரின் கேள்விக்கு நின்று பதில் சொல்வதற்காகத்தானே அங்கே போகிறோம். பதிவுத் தாளின் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். ஏழு மணியைத் தாண்டினால், தாண்டிய வேலையைப் பட்டறையிலேயே முடித்து எடுத்துப் போக வேண்டும்.

எதை முடித்து எடுத்துப் போவது? பார்க்க ஒன்றும் இல்லாத, நேரம் தின்னும் வேலைகளை. வயரிங் மெலிப்பது முதலாவது. மாஸ்டாவின் வயரிங் கட்டில் ஜன்னல், ரேடியோ, டிக்கி விளக்கு என்று இந்தக் காருக்கு வேண்டாதவை பாதிக்கும் மேல். அதைப் பிரித்து, வேண்டாததை எடுத்து, மறுபடி டேப் சுற்றி, ஒவ்வொரு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, மேசை மேல் பரப்பி பேட்டரி கொடுத்துச் சோதிப்பது பல நாள் வேலை. வெட்டியெடுத்த வயர் குவியலைத் தளத்தில் ஒரு மேசையில் பரப்பி வைத்தால், பேச்சால் புரிய வைக்க முடியாததை அது காட்டிவிடும்.

முதல் நாள் காலை பாகங்களை அறிமுகப்படுத்தி, சட்டத்தில் பெடல் பெட்டியும் பிரேக் குழாய்களும் மாட்டலாம். கூட்டம் அதிகமாகும் நண்பகலுக்குச் சட்டம் இறங்குவதை வைக்க வேண்டும். மாலையில் ஷாக், ஸ்டியரிங், ஹைட்ராலிக் இணைப்புகள். இரண்டாம் நாள் காலை வயரிங், ரேடியேட்டர், டேங்க். பிறகு தகடுகள், சீட், பெல்ட், விளக்குகள். மூடுவதற்கு ஒன்றரை மணி முன்பாக வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்க நேரத்தையும் பலகையில் எழுதி வைத்தால் மக்கள் அந்த நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். முன்கூட்டியே முடிந்தாலும் அடுத்த கட்டத்தைச் சொன்ன நேரத்துக்கு முன்பு தொடங்கக் கூடாது.

சட்டத்தை இறக்குவது

மொத்தச் செய்முறையிலும் தவறினால் ஆளை நசுக்கக்கூடிய வேலை இது ஒன்றே. ஆகவே இதற்கு மட்டும் பட்டறையில் மூன்று முறையாவது ஒத்திகை வேண்டும். அதே ஆட்கள், அதே இடங்கள்.

முதலில் கீழே நிற்கும் தொகுதி. கியர்பாக்ஸுக்குத் தனி மவுன்ட் கிடையாது, அதைத் தாங்குவது அலுமினியச் சட்டம்தான். முன்னும் பின்னும் சப்ஃபிரேமோடு பிடித்திருப்பது ரப்பர் மவுன்ட்கள். பாடி இல்லாத நிலையில் இந்தத் தொகுதி நடுவில் தொய்யும், முறுக்கும். மண்டபத்தின் வாசற்படி மேட்டில் ஒரு சக்கரம் ஏறும்போது அந்த முறுக்கு முழுவதும் மவுன்ட் ரப்பரில் விழும். அதனால் இரு சப்ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மரச் சட்டம் கட்டித்தான் உருட்ட வேண்டும். நின்ற பிறகு கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக் வைத்து, பாரம் ஏற்றாமல் தொட்டு நிற்கும்படி விட வேண்டும். ஸ்டியரிங் ரேக்கை நடுவில் நிறுத்த, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுற்று எண்ணி, பாதியில் நிறுத்தி, பெயின்ட் அடையாளம் இட வேண்டும்.

பிறகு அளவு. இந்த மாஸ்டாவின் வீல்பேஸ் 2265 மி.மீ. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஹப் மையத்திலிருந்து ஹப் மையத்துக்கு அளந்து, குறுக்கு அளவு இரண்டையும் ஒப்பிட வேண்டும். மூன்று மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சப்ஃபிரேம் திரும்பியிருக்கிறது. சட்டம் பாதி இறங்கிய பிறகு கடப்பாரை போட்டு நெம்பித் திருத்துவது கூட்டத்துக்குத் தப்பான பாடம்.

மேலிருந்து வரும் சட்டத்தை ஆட்கள் தூக்குவதா, கிரேன் தூக்குவதா? எடையை அளந்து முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி ஓர் ஆணுக்கு இடுப்பு உயரத்தில், உடலை ஒட்டி 25 கிலோ, தோள் உயரத்தில் 20 என்கிறது. கை நீட்டினால் இன்னும் குறைவு. சட்டம் எஞ்சின் தலைக்கு மேலாகக் கடக்க வேண்டும் என்பதால் தூக்கியவர் கை மார்புக்கு மேலே போகும். நூறு கிலோச் சட்டத்துக்கு நான்கு பேர் என்ற கணக்கு அங்கே செல்லாது, எட்டுப் பேராவது வேண்டும். எங்கள் பரிந்துரை வேறு: இரண்டு கிரேனால் சட்டத்தை நிலையாகத் தூக்கி நிறுத்தி, தொகுதியை அதற்கு அடியில் உருட்டி, பிறகு இரண்டு கிரேனையும் ஒரே ஆளின் குரலுக்கு இறக்குவது. தொங்கும் சட்டத்துக்கு அடியில் எந்த ஆளின் கையோ காலோ போகக் கூடாது. தொகுதியை நீண்ட கம்பால் தள்ளி, கயிற்றால் இழுக்கலாம்.

வழிகாட்டி முளைகள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். நீளமான எம்12 மரைக்கம்பி நான்கின் நுனியைக் கூர்மையாகத் தேய்த்து, சப்ஃபிரேமின் நான்கு மூலைத் துளைகளிலும் நிறுத்த வேண்டும். சட்டத்தின் துளை அந்த நுனியைப் பிடித்துவிட்டால் மீதி இறக்கம் தானாக நேராகும். இன்னொன்று, ஷாக் அப்சார்பர்கள். பாடி போனதும் அவற்றின் தலை வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். சட்டம் இறங்கும்போது தலை அதற்கான கோபுர வடிவத் தாங்கிக்குள் போகாமல் குழாயில் முட்டி, ஸ்டட் மரை நசுங்கும். நான்கையும் நிமிர்த்தி, உட்புறம் இழுத்து, கேபிள் டையால் கட்டி வைக்க வேண்டும். கிளச் ஹைட்ராலிக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் சுவிட்ச் வயர் ஆகியவற்றை நடுவில் சுருட்டிக் கட்டி, கட்டில் சிவப்புத் துணி முடிந்துவிட வேண்டும். இறங்கும்போது நான்கு சிவப்புத் துணியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கடைசி 50 மி.மீட்டரில் நிறுத்துங்கள். சுற்றி வந்து துணிகளை எண்ணுங்கள். ஷாக் தலைகளை, கை உள்ளே போகாமல் கம்பால், ஒவ்வொன்றாகத் துளைக்கு நேராக்குங்கள். பிறகு முழு இறக்கம். முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து போல்ட் போட வேண்டும். எல்லா போல்ட்டும் கையால் நான்கு சுற்றாவது பிடிக்கும்வரை எதையும் இறுக்கக் கூடாது. ஒரு மூலையை முதலில் இறுக்கினால் எதிர் மூலையின் துளை அரை போல்ட் அளவு விலகி நிற்கும், அங்கே மரை குறுக்கே பிடித்துக் கெடும்.

இறங்கிய பிறகு

ஸ்டியரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பல் தண்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். பிடி போல்ட் அந்தப் பள்ளத்துக்குள் போனால்தான் தண்டு வெளியே நழுவாது. தண்டு முழுதாக நுழையாதபோதும் சில ஜாயின்ட்களில் போல்ட் போய் இறுகிவிடும், சரியாக இருப்பது போலவே தெரியும். நுழைய வேண்டிய ஆழத்தைப் பட்டறையில் அளந்து தண்டில் கோடு போட்டிருந்தால், கோடு மறைந்ததா என்று பார்த்தாலே போதும். இந்த போல்ட்டை இருவர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

விஷ்போன் புஷ் போல்ட்களை இறுதியாக இறுக்கும் வேலையைக் கார் முழு எடையோடு சக்கரத்தில் நிற்கும்வரை தள்ளிவைக்க வேண்டும். ரப்பர் புஷ் அசைவது ரப்பர் முறுக்கத்தால். விஷ்போன் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைக் கீழே விட்டதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும், காரும் உயரமாகவே நிற்கும். இந்தக் கிட்டில் இது இன்னும் கூர்மையான விஷயம். பாடி போனதால் கார் மிகவும் இலகுவாகி, பழைய ஸ்பிரிங்கில் முன்னைவிட மேலே நிற்கும். மாஸ்டா ஆலையில் இறுக்கிய நிலை இப்போது பொருந்தாது. எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தி, உயரத்தைச் சரிசெய்து, காரை முன்பின் உருட்டி, பிறகுதான் இறுக்க வேண்டும். கூட்டத்தில் நிற்கும் அனுபவசாலிகள்கூட "அட, இதை நான் செய்யவில்லையே" என்று நினைக்கும் இடம் இது. மைக்கில் பேசுபவர் இங்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயின்ட் கோடு, நட்டையும் தளத்தையும் சேர்த்து. கோடு போடுபவர் இறுக்கியவராக இருக்கக் கூடாது. அவர் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்து 'க்ளிக்' கேட்டபின் போட வேண்டும்.

பிரேக்கில் ஏர் எடுப்பது பார்ப்பதற்குச் சப்பையான வேலை, நாற்பது நிமிடம் போகும், சிந்தும் டாட் 4 பிரேக் திரவம் பெயின்ட்டைத் தின்னும். மறைத்தும் விடக் கூடாது. காரைப் பூட்டப் போகிறவர் பயப்படுவதே பிரேக்குக்குத்தான். நடுவழி இதுதான்: மண்டபக் கதவு திறப்பதற்கு முன்பாகவே, பின்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் ஏர் எடுத்துவிட்டு, முன்பக்கச் சக்கரங்களைக் கூட்டத்தின் எதிரில் செய்வது. முன்பே எடுத்ததைப் பலகையில் எழுத வேண்டும். பெடல் பஞ்சுபோல அழுந்தினால் குறையை முதலில் காலிப்பரில் தேட வேண்டும். இடது வலது காலிப்பர் மாறி மாட்டப்பட்டு, ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்தால் காற்று மேலேயே தங்கும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போகாது.

தகடு, விளக்கு வேலைகள் ஓட்டமாகப் போகும். ஆனால் இங்கே ஐ.வி.ஏ. சோதனையைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். தனி வாகன ஒப்புதலான இந்தச் சோதனையைத் தாண்டாமல் பிரிட்டனில் இப்படிப் புதுக் குழாய்ச் சட்டத்தில் பூட்டிய காரைப் பதிவு செய்து சாலையில் விட முடியாது. வெளிப்புறத்தில் 100 மி.மீ. உருண்டை தொடக்கூடிய விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மி.மீ. வளைவு இருக்க வேண்டும் என்பது அதில் பலரைத் தோல்வியடையச் செய்யும் விதி. நீட்டி நிற்கும் போல்ட் வால், தகட்டு ஓரம், கண்ணாடித் தாங்கி எல்லாம் அதில் மாட்டும். ஒரு மர உருண்டையையும் பிளாஸ்டிக் நட் மூடிகளையும் கையில் வைத்துக்கொண்டு காரின் மேல் உருட்டிக் காட்டினால் விதிப்புத்தகத்தின் பல பக்கம் ஒரு நிமிடத்தில் புரியும்.

ஸ்டார்ட்

காரை வெளியே, கூட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் கூடுவதால் உள்ளே ஒரு நிமிடம்கூட வேண்டாம். பெட்ரோல் தீக்கு ஏற்ற ஃபோம் தீயணைப்பான் ஒன்று, மின்தீக்குக் கார்பன் டையாக்சைடு ஒன்று, இரண்டையும் பிடித்தபடி இருவர்.

பேட்டரியை இணைக்கும் முன் பெட்ரோல் ஊற்றிவிட வேண்டும். எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் எஃப்/பி என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாமலேயே பெட்ரோல் பம்ப் ஓடும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் அங்கேயே நிறுத்தம், கூட்டம் காத்திருக்கட்டும். அடுத்து, எஞ்சின் தலையின் பின்புறமுள்ள கேம் சென்சாரின் இணைப்பைக் கழற்றினால் தீப்பொறியும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. அந்த நிலையில் பத்து விநாடி பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் அழுத்த முள் எழும்வரை பார்க்க வேண்டும். எழுந்தபின் இணைப்பைப் போட்டு ஸ்டார்ட்.

பல நாள் நின்ற எம்எக்ஸ்-5 எஞ்சின் முதல் சில நிமிடம் 'டக் டக்' என்று அடிக்கும். ஹைட்ராலிக் லிஃப்டர்களில் ஆயில் இறங்கிப் போனதன் ஓசை அது. எஞ்சின் சூடாகி லிஃப்டர்கள் நிரம்பியதும் நிற்கும். கூட்டம் பேரிங் போய்விட்டது என்று நினைக்கும். ஓசை தொடங்கியவுடனேயே பேசுபவர் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். கூலன்ட்டில் காற்று வெளியேற காரின் மூக்கைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே குளிர்ந்த எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும். சூடான பிறகு மூடியைத் தொடக் கூடாது.

ஓட்டிக் காட்டும்படி கேட்பார்கள். ஓட்டக் கூடாது. பதிவில்லாத, சக்கரக் கோணம் சரிபார்க்காத, ஒப்புதல் பெறாத கார் அது. டிரெய்லரில் ஏற்றிச் சக்கரத்தின் மேல் பெல்ட் கட்டிக் கொண்டு போக வேண்டும், பதினைந்து மைலில் நிறுத்தி ராட்செட்டை மறுபடி இழுக்க வேண்டும். முன்பே ஒரு முறை பூட்டிக் கழற்றிய கார் இது, வீட்டில் முதன்முறை செய்பவருக்கு நூறு மணியைத் தாண்டும் என்ற பலகை முதல் நாள் காலையிலிருந்து கடைசி வரை காருக்கு முன்னால் நிற்க வேண்டும். இரண்டு நாளில் எடுத்த படங்களும் கையெழுத்திட்ட தாள்களும் ஒரு கோப்பாகும். பதிவு அதிகாரிகள் காரை யார், எதிலிருந்து, எப்படிப் பூட்டினார் என்று கேட்கும்போது அதுவே ஆதாரம்.

டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் கடைசி வேலை ஒன்று உண்டு. எல்லா ஜிப் பைகளையும் மேசை மேல் வரிசையாகக் கவிழ்க்க வேண்டும். எதிலும் எதுவும் விழக் கூடாது. ஒரு வாஷர் விழுந்தாலும் அந்தப் பையின் எண்ணைப் பார்த்து, அந்தக் கட்டத்தின் தாளை எடுத்து, மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேடி, அது எங்கே போக வேண்டியது என்று கண்டுபிடித்து மாட்டும்வரை கார் தரையிலேயே நிற்கும்.